வாசலில் ஒட்டிய பெயர்

என்னங்க,

நம்ம இணைய ஒயின் குழுவோட பேரை, என் வீட்டுல நடக்கிற ருசி பார்க்கிற கூட்டத்துக்குப் போடக் கூடாதுன்னு நோட்டீஸ் அனுப்பியிருக்கீங்க. அதுவும் 'மதிப்பிற்குரிய உறுப்பினருக்கு'ன்னு ஆரம்பிச்சு. பதினாறு வருஷம் உங்களோட ஒரே வீட்டுல இருந்தவளுக்கு நல்ல மரியாதை.

அந்தப் பேரை வச்சதே நான்தான். நீங்க அப்போ கார்க் மூடியைப் பாட்டிலுக்குள்ள தள்ளிட்டு முழிச்சுக்கிட்டு இருந்தீங்க.

எடுக்க மாட்டேன். வாசல்ல பெரிசாவே எழுதி ஒட்டியிருக்கேன்.

லேபிள் தெரியாம பாட்டிலைக் காகிதத்துல சுத்தி வைக்கணும்ங்கறது நீங்க போட்ட விதி. பேரைப் பார்த்தா நாக்கு பொய் சொல்லும்னீங்க. அதை மட்டும் அப்படியே வச்சிருக்கேன்.

ஞாயிறு சாயங்காலம் என்னோட சேர்த்துப் பன்னிரண்டு பேர். தடுக்கணும்னா நேர்ல வந்து தடுங்க. பதிமூணு கிளாஸ் கழுவி வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
மதிப்பிற்குரிய உறுப்பினர்