நுரை வராத போத்தல்

செவ்வாய், இரவு

ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் சோப்புக் கரைசலோடு வளையச் சர்க்கரையை, அதாவது மூலக்கூறு வளையம்போல இருக்கும் ஒரு சர்க்கரைத் தூளை, கலந்து காலை முழுக்கக் குலுக்கினேன். நுரையே வரவில்லை. சர்க்கரை பழுது என்று கொட்டப் போனேன். புதிதாகச் சேர்ந்த மலேசியப் பெண் கவிதா தடுத்தாள்.

"கொட்டாதீங்க அக்கா, இன்னும் சோப்பு ஊத்துங்க. ஒவ்வொரு வளையமும் ஒரு சோப்பு மூலக்கூறோட வாலை முழுங்கிடும். வளையமெல்லாம் நிரம்பினாத்தான் நுரை வரும்."

ஊற்றினேன். பொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள், அவளுக்கு. பதினொரு வருடமாகப் போத்தல் குலுக்குகிறேன், எனக்கு ஒருத்தரும் தட்டியதில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னால், "கெட்டிக்காரப் பிள்ளை போல கிடக்கு" என்கிறார்.

வேலை முடிந்து போகும்போது கவிதா வேறு, "நீங்க குலுக்கினதாலதான் அக்கா தெரிஞ்சது" என்று கையைப் பிடித்தாள். பாவி, கெட்டவளாகவாவது இருந்திருக்கக் கூடாதா?