நீ திரும்பிப் பார்க்கும் விளம்பரம்

முகம் தெரியாத என் அம்மாவுக்கு,

நேற்று மத்தியானம் ஹட்டன் பஜாரில், டீவி திருத்துகிற ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பார்ப்பதற்கு எனக்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அந்தக் கடையின் மேசைமேல் இருந்தது. அதை உனக்குச் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

நீ இறந்துபோனபோது நான் பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடந்தேன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது. உனக்கு எதற்கு விளக்கம், இதை வாசிக்கிற மற்றவர்களுக்காகச் சொன்னேன். வீட்டில் உன் போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. நம் லயத்தில், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில், பாதிப் பேருக்குப் பிரஜாவுரிமை இல்லாத காலம் அது. அடையாள அட்டைக்கென்றுகூட யாரும் உன்னைப் படம் பிடிக்கவில்லை.

ஆனால் நீ டீவியில் வந்தாய். லயத்தில் ஒரு பெட்டிகூட இல்லாத காலத்தில் நீ டீவிக்குள் போய்விட்டாய், அம்மா. நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வரும், ஆத்திரமும் வரும்.

என்னை வளர்த்த அத்தை, அப்பாவின் அக்கா, இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். தேயிலை விளம்பரம் எடுக்கக் கொழும்பிலிருந்து வந்தார்களாம். உங்கள் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை கொடுத்து, இடுப்பில் கட்டியிருந்த தடித்த படங்குத் துணியைக் கழற்றச் சொன்னார்களாம். படங்கு இல்லாமல் மலைக்குள் இறங்கினால் செடி காலையும் சேலையையும் கிழிக்காதா? அது அவர்களுக்கு எங்கே தெரியும். நடுவில் ஒரு நடிகை வெறுங்கூடையோடு சிரித்தாளாம். யாரும் கமராவைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியும், மூன்றாவதாக நின்ற நீ மட்டும் கடைசியில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினாயாம். அதையும் விட்டுவைத்தார்கள், நன்றாயிருந்ததோ என்னவோ. சாயங்காலம் சேலைகளைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த விளம்பரம் வர ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் நீ காய்ச்சலில் போய்விட்டாய். விளம்பரம் நிற்கவில்லை. பொகவந்தலாவைப் பஜாரில், நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற முஸ்லிம் முதலாளியின் கடை டீவியில் நீ வரும்போதெல்லாம் அப்பா எழுந்து வெளியே போய்விடுவாராம். அத்தை என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காட்டுவாளாம். பார்த்திருக்கிறேன் போல. ஒன்றும் ஞாபகம் இல்லை.

இப்போது எல்லாரும் போனில் பழைய விளம்பரங்களைத்தான் பார்க்கிறார்கள், அம்மா. சவர்க்காரம், பிஸ்கட், பால்மா என்று யார் யாரோ தேடிப்பிடித்துப் போடுகிறார்கள். அந்தக் காலத்துத் தீபாவளி நிகழ்ச்சி மாதிரி வருமா என்று கீழே உருகி எழுதுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் ஒன்று விடாமல் பார்ப்பேன். எதிலும் உன் விளம்பரம் இல்லை. ஊரெல்லாம் பொழுதுபோக்குக்குத் தேடுகிறது, எனக்கு அதில்தான் என் தாயின் முகம் இருக்கிறது என்று யாரிடம் எழுதிக் கேட்பது?

போன வாரம் நானாவிடமிருந்து போன் வந்தது. கடையை மகனிடம் கொடுத்துவிட்டு மேல்தட்டுச் சாமான்களை இறக்கினாராம், ஒரு வீடியோ கெசட் கிடைத்ததாம். நீ இறந்த வருஷத்துத் தீபாவளி விசேஷ நிகழ்ச்சி. டீவியில் போனதை அப்படியே வீடியோ டெக்கில் பதிந்தது. உன் விளம்பரமும் அதில் இருக்கும் என்று எழுந்தே நின்றுவிட்டேன். உடனே அவரே அதில் தண்ணீரையும் ஊற்றினார். கெசட் விலை கூடிய காலம், அதனால் விளம்பரம் வந்தால் பதிவதை நிறுத்திவிடுவாராம், ஒரு விளம்பரமும் இருக்காதாம்.

அதில் அவருக்குப் பெருமை வேறு. விளம்பரம் முடியும்வரை பொத்தானைப் பெருவிரலால் அமுக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். என்ன மனுஷன் என்று கோபம் வந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு தடவையாவது தும்மல் வந்திருக்காதா, ஒரு தடவையாவது யாராவது வெற்றிலைக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்களா? அந்த ஆசையில்தான் அவரையும் கூட்டிக்கொண்டு, மழையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போனேன்.

டீவி திருத்துகிறவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள்; சிங்களவர், நல்ல மனுஷன். கெசட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாடாவெல்லாம் பூஞ்சணம். துடைத்துத் தரலாம், ஆனால் ஒரு தடவைதான் ஓடும், அதுவும் பாதியில் அறுந்தால் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். சரி என்றேன். போனைக் கையில் பிடித்துக்கொண்டேன்.

முதலில் வெறும் கோடுகள். பிறகு குத்துவிளக்கு, பரதநாட்டியம், யாரோ ஒரு பெரிய மனிதரின் வாழ்த்து. அப்புறம் ஒரு நகைச்சுவை நாடகம். மாமனார் வேஷம் போட்டவர் வாசலில் வழுக்கி விழப் போகிறார், அறிவிப்பாளர் வந்து சிறிய இடைவேளை என்கிறார். போனைத் தூக்கிப் பிடித்தேன். படம் ஒரு துள்ளுத் துள்ளியது. மாமனார் கட்டிலில் கட்டோடு படுத்திருக்கிறார், எல்லாரும் சிரிக்கிறார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. விளம்பரமும் இல்லை, நாடகத்தில் ஒரு துண்டும் இல்லை.

சுத்தமாக வெட்டியிருந்தார். நான் நானாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாயில் வந்ததைச் சொல்லியிருப்பேன். போனை மடியில் போட்டுவிட்டேன்.

மறுபடியும் இடைவேளை வந்தது. படம் துள்ளியது. ஒரு பச்சை மலை. நீல நிறச் சேலைகள். மூன்றாவதாக நின்ற பெண் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினாள். அவ்வளவுதான், நாடகம் வந்துவிட்டது.

அம்மா, நான் டீவியை நோக்கிக் குனிந்தேன்.  பக்கத்தில் நானா தன் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது தானாக மேலே தூக்கியிருந்தது.

"மொத தடவ கை பிந்திருச்சு மகள், நாடகத்துல பாதி போயிருச்சு," என்றார். "பொறகு ஒங்கம்மாவத்தான் அடையாளம் வச்சிக்கிட்டேன். தேயில விளம்பரம்தான் எப்பவும் கடைசியா போடுவாங்க. அவ திரும்பினா முடிஞ்சிருச்சின்னு அர்த்தம். அவ தல அசையத் தொடங்கினதுமே வெரல எடுத்துருவேன்."

இத்தனை வருஷமும் அவருக்கே அது மறந்துபோயிருந்தது. எல்லா விளம்பரத்தையும் வெட்டிய மனுஷன், நீ திரும்புகிற அந்த ஒரு கணத்தை மட்டும் அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு இடைவேளையிலும் விட்டுவைத்திருக்கிறார்.

ஆனால் நான் படம் பிடிக்கவில்லையே. போன் மடியில் கிடந்தது. சரியாக அப்போது டெக்குக்குள்ளிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பாஸின் கை நிறுத்துகிற பொத்தானுக்குப் போனது. நாடா சிக்கத் தொடங்கிவிட்டது, இப்போது நிறுத்தினால் கெசட்டாவது முழுசாக மிஞ்சும், கொழும்பில் யாரிடமாவது காட்டலாம், ஓடவிட்டால் எல்லாமே போகும் என்றார். என் முகத்தைப் பார்த்தார்.

நீ என்ன சொல்லியிருப்பாய்? பத்திரமாக எடுத்து வை என்றா? பத்திரமாக இருந்த கெசட்டுக்குத்தான் பூஞ்சணம் பிடித்தது.

"ஓடட்டுங்க பாஸ்," என்றேன்.

நாடகம் முடிந்து ஒரு பாட்டு. கீச்சுச் சத்தம் பாட்டைவிட உரத்துக் கேட்டது. படம் நடுவில் வளைந்து வளைந்து நிமிர்ந்தது. போனை எடுத்து இரண்டு கையாலும் டீவிக்கு நேரே பிடித்துக்கொண்டேன். நானா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பாட்டு முடிகிற மாதிரியே இல்லை, அம்மா, இழுத்துக்கொண்டே போனார்கள். கடைசியில் அறிவிப்பாளர் வந்தார். இடைவேளை என்றார். படம் துள்ளியது.

நீ திரும்பினாய்.

அடுத்த நொடி டெக் கடகடவென்று நாடாவை விழுங்கிவிட்டது. பாஸ் உள்ளே விரலை விட்டுச் சுருள் சுருளாக இழுத்தார். அந்தத் தீபாவளி முழுவதும் மேசைமேல் குப்பையாகக் கிடந்தது. எனக்குக் கவலையே இல்லை. போனைப் பார்த்தேன். நீ இருந்தாய்.

ராத்திரி முழுவதும் உன்னையே ஓடவிட்டுக்கொண்டிருந்தேன். உன் நெற்றி என் நெற்றிதான். கோபக்கார மூக்கும் எனக்குத்தான் வந்திருக்கிறது. உன் உதடு அசைகிறது, மேலே போட்ட இசையில் சத்தம் கேட்கவில்லை. யாரைக் கூப்பிட்டாய்? அந்த மலைக்கு மேலேதான் பிள்ளைக் காம்பரா இருந்தது, குழந்தை அழுகிற சத்தம் கேட்டுத்தான் நீ திரும்பினாய் என்று அத்தை சாகும்வரை சொன்னாள். அங்கே பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் கிடந்திருக்கும். யார் அழுதது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாள் என்றே இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.

இப்போது உன் முகத்தைப் பார்த்துவிட்டேன். யார் குழந்தையோ அழுவதற்கு யாரும் அப்படித் திரும்ப மாட்டார்கள்.

வருகிற தீபாவளிக்கு லயத்து முற்றத்தில் பெரிய திரை கட்டி உன்னைக் காட்டப்போகிறேன். நானாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. அப்பா இப்போது நடப்பதற்கே கஷ்டப்படுகிறார், கைத்தாங்கலாகக் கூட்டிவந்து உட்காரவைப்பேன். இந்தத் தடவை அவரை எழுந்து போகவிட மாட்டேன் அம்மா, இது சத்தியம்.

அன்றைக்குப் பிள்ளைக் காம்பராவில் அழுத,
உன் மகள் செல்வி