நாடா இல்லாத வால்

அன்புள்ள பெரியவளுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீ தண்ணீருக்கு உள்ளேயும் வெளியேயும் நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். நீ கேட்ட வாலைத் தைத்து முடித்துவிட்டேன். பொருளாதாரம் படித்த மகள் கண்ணாடித் தொட்டிக்குள் கடற்கன்னியாக வேலை பார்ப்பாள் என்றோ, அங்கே கொடுத்த ரப்பர் வால் இடுப்பைப் புண்ணாக்குகிறது என்று எனக்கே எழுதுவாள் என்றோ நான் நினைத்ததில்லை. சின்ன வயதில் உன்னை ‘வாலு, வாலு’ என்று திட்டிய வாய்க்கு இது வேண்டியதுதான். அப்பா கேட்பவர்களிடமெல்லாம் நீ கடல் ஆராய்ச்சியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

முதலில் மீனைப் பார்த்துத்தான் வெட்ட நினைத்தேன். சந்தையில் ஒரு மீனை எடுத்து வாலை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டே நின்றதில், மீன்காரம்மா ‘வாங்கறீங்களா, இல்ல வைத்தியம் பாக்கறீங்களா’ என்று கேட்டுவிட்டாள். போனது வீண் இல்லை. மீனின் வால் பக்கவாட்டில்தான் ஆடும். உன் முழங்கால் அப்படி மடங்காது. மேலும் கீழுமாக அடிப்பது கடற்பசு. ஆகவே அழகுக்கு இடுப்போரம் திருக்கையின் செட்டை, மற்றதெல்லாம் கடற்பசு. பார்க்க வருகிறவர்களிடம் சொல்லிவிடாதே, பாவம், ஆசையோடு வருகிறார்கள். துணி நன்றாக இழுபடும் பக்கம் உடம்பைச் சுற்றி வரும்படி வைத்து வெட்டி, வளைந்து வளைந்து போகும் தையல் போட்டிருக்கிறேன். நேர்த்தையல் என்றால் முதல் உதையிலேயே நூல் அறுந்துவிடும். அப்பா பார்த்துவிட்டு, நாலு பேர் முன்னால் நழுவினால் என்ன ஆவது, இடுப்பில் ஒரு நாடா வை என்றார். எனக்கும் சரியென்று பட்டது. உனக்கு அனுப்புமுன் நானே போட்டுப் பார்க்க அப்பாவோடு நீச்சல் குளத்துக்குப் போனேன். நாற்பத்தாறு வயதுக் கடற்பசுவை அங்கிருந்தவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். உள்பாவாடை கட்டுகிற பழக்கத்தில் கை தானாக இரட்டை முடிச்சுப் போட்டுவிட்டது. நாலு உதை அருமையாக இருந்தது. ஐந்தாவதில் தொடை பிடித்துக்கொண்டது. கழற்றலாம் என்றால் நனைந்த முடிச்சு இறுகி, நகம்கூட நுழையவில்லை. கால் இரண்டும் கட்டுண்டு நான் கீழே போய்க்கொண்டிருக்க, நன்றாக நடிக்கிறேன் என்று நினைத்து உன் அப்பா கரையில் கைதட்டிக்கொண்டிருந்தார். நீச்சல் சொல்லித்தரும் பெண்தான் குதித்து இழுத்துப் போட்டாள். ‘எந்தப் புத்திசாலி இந்த முடிச்ச போட்டது’ என்று கத்தினாள். நான்தான் என்று சொல்ல மூச்சு இல்லை. இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு வாரம் மிஷின் பக்கம் போகவில்லை. வால் சரியாக வரவில்லை, வேலையை விட்டுவிட்டு வா என்று எழுதிவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். அப்பாவும் அதையே எழுதச் சொன்னார். எழுதினால் நீ வரமாட்டாய், அந்த ரப்பர் வாலையே மாட்டிக்கொண்டு இறங்குவாய். நாடாவைப் பிரித்து எறிந்துவிட்டு அகல எலாஸ்டிக் வைத்தேன். இரண்டு கட்டைவிரலையும் உள்ளே விட்டுக் கீழே தள்ளினால் போதும். அதே குளத்தில் பதினோரு முறை கழற்றிப் பார்த்தேன். மூன்று எண்ணுவதற்குள் கால் வெளியே வந்துவிடுகிறது. எண்ணியவர் அப்பா, இந்த முறை கைதட்டாமல்.

நழுவினால் நழுவட்டும், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஊக்கு குத்துகிறேன், கட்டிவிடுகிறேன் என்று அங்கே யார் வந்தாலும் விடாதே. முதல் தடவை இடுப்பளவுத் தண்ணீரில், பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு போட்டுப் பார். பிறகு எனக்கு ஃபோன் பண்ணு. தலை துவட்டி, உடை மாற்றி, நிதானமாகப் பண்ணாதே. கரையேறியதும், மூச்சு வாங்குகிறபோதே பண்ணு. ‘நல்லா இருந்துச்சும்மா’ என்று நீ வழக்கம்போல் பொய் சொன்னாலும் அந்த மூச்சு சொல்லாது.

நீ இறங்குகிற தண்ணீரெல்லாம் உன்னைத் திரும்பக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா