வலிக்காத நெஞ்சு

மார்ச் 4, செவ்வாய்
காலையில் மறுபடியும். வாளியைத் தூக்கிய என் வீட்டுக்காரர் குளியலறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "வலிக்குது, சீக்கிரம் வா" என்று அவர் போட்ட சத்தத்தில் அடுப்பை அணைக்கவும் மறந்து ஓடினேன். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, முதுகைத் தடவிக்கொடுத்ததும் சரியாகிவிட்டது. சின்ன ரத்தக் குழாய்களில் அடைப்பு, மாத்திரையை வைத்தே ஓட்ட வேண்டியதுதான் என்று போன வருடமே சொல்லிவிட்டார்கள். எனக்கு இருப்பது சர்க்கரை மட்டும். அதுவும் சொன்ன பேச்சு கேட்கிற சர்க்கரை.

நாள் முழுக்க மருத்துவமனையில் ஊர்பட்ட இதயங்களை எக்கோ மிஷினில் படம் பிடிக்கிறேன். வீட்டுக்கு வந்தால் இது ஒன்று. லேசாக வலித்தாலும் ஊரைக் கூட்டிவிடும். இருக்கட்டும். என்னுடையதுதானே.

மார்ச் 6
புது மிஷின் வந்திருக்கிறது. புதுசு வந்தால் எங்களில் ஒருத்தர் படுத்துக்கொடுப்பது வழக்கம். நோயில்லாத இதயம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டுமே. "அக்கா, இந்த வாட்டி நீங்கதான்" என்றாள் கூட வேலை பார்ப்பவள். பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 7
எழுத வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

முதலில் சும்மா படுத்து எடுத்தோம். இதயத்தின் எல்லாச் சுவரும் ஒழுங்காகச் சுருங்கி விரிந்தன. பிறகு டிரெட்மில்லில் ஓடிவிட்டு, உடனே ஒருக்களித்துப் படுத்தேன். திரையில் முன்பக்கச் சுவர் சுருங்கவில்லை. மற்றவை வேலை செய்ய, அது சும்மா கூடவே அசைந்துகொண்டிருந்தது. மிஷினைப் பொருத்த வந்த கம்பெனி ஆள் அதில்தான் கோளாறு என்று பொத்தான்களை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"மிஷின் சரியாத்தான் இருக்கு தம்பி. டாக்டரக் கூப்பிடுங்க" என்றேன். என் குரல்தானா அது?

"வலிச்சுதா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். மூச்சு வாங்குச்சு. அது கொஞ்ச நாளாவே வாங்குது, வயசாச்சுன்னு நெனச்சேன்."

வீட்டுக்காரரைப் போன வருடம் இதேபோல ஓடவைத்துப் பிடித்த படத்தை எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அலறினார். இன்றைக்கு நான் கம்பெனி ஆளோடு பேசிக்கொண்டு படுத்திருந்தேன். சுவர் தளர்ந்திருப்பது இரண்டிலும் ஒரே அளவுதான்.

"இதயத்துக்குப் போற ரத்தம் கொறஞ்சா மொதல்ல அது சரியா விரியாதும்மா. அப்புறம் சுருங்கறது கொறையும். வலி கடைசியாத்தான் வரும். சர்க்கரை இருக்கறவங்க சில பேருக்கு அது வர்றதே இல்ல" என்றார் டாக்டர்.

படித்ததுதான். பரீட்சையில்கூட எழுதியிருக்கிறேன்.

மார்ச் 8
வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அவர் நெஞ்சு தாங்குமா?

மார்ச் 10
சொன்னேன். ஆஞ்சியோவுக்கு நாள் குறித்தபிறகு எப்படி மறைப்பது?

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தேன். ஊரைக் கூட்டுகிற மனுஷன் அதை என் கையிலிருந்து வாங்கிக் குப்பியிலேயே போட்டார். பிறகு, "அப்போ, உனக்கு வர வேண்டிய வலியும் சேத்து எனக்கே வந்துச்சா?" என்றார். என்னைச் சிரிக்கவைக்கத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவரே அழுதார். நானும்.

மார்ச் 14
ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது. கண் விழித்தபோது என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல.

மார்ச் 27
வீடு அமைதியாக இருக்கிறது. அவரே சமைக்கிறார், துணி துவைக்கிறார். வலி ஒன்றுமில்லை என்கிறார். நல்லதுதானே என்று இருந்தேன்.

இன்று அவர் மாத்திரைக் குப்பியை எடுத்துப் பார்த்தால் அடியில் கொஞ்சம்தான் மிச்சம்.

"உன்கிட்ட சொன்னா நீ ஓடி வருவ. நீ இப்ப ஓடக் கூடாதுல்ல?"

எனக்கு வந்ததே கோபம். சொல்றதுக்கு உங்களுக்கு ஒரு வலியாவது இருக்கு, எனக்கு அதுவும் இல்ல, வாயை மூடிக்கிட்டு குளியலறையில விழுந்து கிடந்தா நான் என்ன பண்றது, யாருக்காக நெஞ்சுல இந்தக் கம்பிய வச்சுக்கிட்டு வந்தேன் நான்— என்னவெல்லாமோ கத்தினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பாவம். திட்டினாலும் தாங்க முடியவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை.

மார்ச் 28
இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

ஏப்ரல் 2
காய் வாங்கப் போனவர் திரும்பி வந்து மாடிப்படிக்குக் கீழேயிருந்து கத்தினார். "வலிக்குது! லேசாத்தான்! நீ மெதுவா வா!" கீழ்வீட்டுக் கதவுகள் இரண்டும் திறந்துகொண்டன. இன்னும் ஒரு தடவை கத்தினார்.

மாத்திரையை எடுத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஓடவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "நாக்கைத் தூக்குங்க" என்றேன்.