சாமை விதைத்தாயிற்று

குண்டூர் நாடு,
1934 ஜூன்

கோபித்துக்கொண்டு மலையிறங்கிப் போன என் வீட்டுக்காரருக்கு,

உங்கள் அக்கா சேந்தமங்கலத்திலிருந்து ஏறி வந்து சொன்னார்: "கப்பலேறுனா இந்த ஊட்டுப் படி மிதிக்க வேண்டாம்னு தம்பி சொல்லச் சொன்னான், கண்ணு."

"ஊடு இங்கதானுங்க இருக்குது. படி மிதிக்காம கீழ போயி உக்காந்திருக்கறது யாருங்க?" என்றேன்.

மிஷனிலிருந்து நாங்கள் நால்வர் பர்மாவுக்குப் போகிறோம். உபதேசியார் பர்மா பாஷையில் பாட்டுச் சொல்லித் தருகிறார். எல்லோருக்கும் நாக்கு சுளுக்குகிறது. பலாக்காயில் குத்தி ஊசி போடப் பழகினேன். இப்போது ஊசி நேராக இறங்குகிறது. மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மாத்திரை டப்பா என் பொறுப்பு. இந்த டப்பா மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு நாள் முந்தி நம் வீட்டுக்கு வந்திருந்தால் நம் பிள்ளை... அதை விடுங்கள். அங்கேயும் காய்ச்சலில் பிள்ளைகள் கிடக்கிறார்களாம்.

வீட்டிலிருந்தே ஜெபம் பண்ணு என்கிறீர்கள். ஜெபம் பண்ணித்தான் போகிறேன்.

காட்டைத் தரிசாகப் போட்டுவிட்டு இவள் எங்கே போய்விடுவாள் என்று நினைத்தீர்கள். உழுது சாமை விதைத்துவிட்டேன். மூலையில் அந்தச் சின்ன மேட்டை மட்டும் ஏர் படாமல் விட்டிருக்கிறேன். புரட்டாசியில் கதிர் முற்றும்போது நான் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பேன். அறுக்க வேண்டியது நீங்கள்தான்.

ஏறி வாருங்கள். கதவைப் பூட்டவில்லை.

உங்கள் கோபத்துக்குப் பயப்படாத,
உங்கள் மனைவி