நூற்று நான்கு

ஜூன் 1, திங்கள்

காலை எட்டு மணிக்குள் பதினெட்டுக் கைகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு முகங்களைவிடக் கைகள்தான் பழக்கம். குத்துவதற்கு முன் ஒவ்வொரு கைக்கும் மனசுக்குள் ஒரு வரி ஜெபம். பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது. ஒரு தடவை அண்ணனிடம் சொன்னேன். சபைப் போதகர் ஆயிற்றே, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "வாய் திறக்காம பண்றதெல்லாம் ஜெபமா பாப்பா? அதுக்குப் பேரு யோசனை" என்றார்.

கடைசியாக எங்கள் சபையின் தையல்கார அக்கா வந்தார். போன மாதம் சர்க்கரை 240. இன்று 104. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார் போல. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

என் கையெழுத்து இன்று மேடை ஏறிவிட்டது.

ஆராதனை நடுவில் அக்கா அந்த ரிப்போர்ட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். "மூணு நாள் உபவாச ஜெபத்துல கர்த்தர் என் சர்க்கரையை எடுத்துட்டாரு!" மாத்திரை அட்டைகளை வாசல் குப்பைத்தொட்டியில் போட்டார். சபையே கைதட்டி அழுதது. எனக்குக் கை எழவில்லை. மூணு நாளா?

அடுத்த ஞாயிறு சிறப்புச் சாட்சிக் கூட்டம் என்று அண்ணன் மைக்கில் அறிவித்தார். "ரிப்போர்ட்டை என் தங்கச்சியே வந்து வாசிப்பா." என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் 8, திங்கள்

பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 'கடைசியாகச் சாப்பிட்டது எப்போது' என்ற கட்டம் காலி. எல்லோரிடமும் கேட்கிற கேள்வி. தெரிந்தவர்தானே என்று அக்காவிடம் கேட்காமல் விட்டிருக்கிறேன். ரத்தம் எடுத்ததற்கு முந்தின வாரக் கடைசி எனக்கு டூட்டி, உபவாசக் கூட்டத்துக்கு நான் போகவில்லை. வெள்ளி, சனி, ஞாயிறு அக்காவுக்கு வெறும் தண்ணீர். திங்கள் காலை ரத்தம். அளவு குறையாமல் என்ன செய்யும்? வியாதி இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

தப்பு என்னுதுதான். ஒரு கேள்வி கேட்டிருந்தா இந்தக் கூத்தே இல்ல.

ஜூன் 9, செவ்வாய்

சாப்பிடும்போது அண்ணனிடம் சொல்லிவிட்டேன். மூன்று மாதச் சராசரியைக் காட்டுகிற இன்னொரு பரிசோதனை இருக்கிறது, அதைச் செய்துவிட்டு அக்கா சாட்சி சொல்லட்டும், அதுவரை மாத்திரையை விடவேண்டாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

"ஆண்டவர் செஞ்சதை நீ டெஸ்ட் பண்ணிப் பாப்பியா?"

"அவர் செஞ்சிருந்தா டெஸ்ட்லயும் தெரியுமேண்ணா."

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனார். அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர். முழங்கால் போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். எனக்கும் அதற்குமேல் இறங்கவில்லை.

ஜூன் 11, வியாழன்

தையல் கடைக்குப் போனேன். மெஷின் பக்கத்தில் பெரிய தண்ணீர் பாட்டில், முக்கால்வாசி காலி. நான் நின்ற இருபது நிமிஷத்தில் அக்கா இரண்டு தடவை கழிப்பறைக்குப் போய்வந்தார். ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார்.

"கோத்துக் குடேன். கண்ணு மங்குது. சாத்தான் சோதிக்கிறான்."

"சாத்தான் இல்லக்கா. சர்க்கரை."

விளக்கிச் சொன்னேன். கேட்டுக்கொண்டே பொத்தான் தைத்தார். "உனக்கு விசுவாசம் கம்மின்னு போதகர் சொன்னாரு, தங்கச்சி. நான்தான் நம்பல."

ஜூன் 13, சனி

அண்ணி மாடியில் என் அறைக்கு வந்தார். "வாசிச்சிட்டு இறங்கிடும்மா. அவரைத் தலைகுனிய வச்சிடாத."

எண்ணை மட்டும் வாசித்தால் அது பொய்கூட இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 14, ஞாயிறு

மேடை ஏறி மைக்கை வாங்கினேன். அக்காவே ரிப்போர்ட்டை என் கையில் கொடுத்தார். நூற்று நான்கு என்று வாசித்தேன். அல்லேலூயா சத்தம் அடங்கும்வரை நின்றேன்.

"இது மூணு நாள் சாப்பிடாத உடம்போட அளவு. எப்ப சாப்பிட்டீங்கன்னு நான் கேட்டிருக்கணும், கேக்கல. தப்பு என்னோடது. அக்கா, மாத்திரை போடுங்க. ஆண்டவர் சுகம் குடுப்பார்னு நானும் நம்புறேன். அவர் பேரைச் சொல்லி இதை மட்டும் என்னால மறைக்க முடியாது."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. அண்ணன் மைக்கை வாங்கிப் பாட்டைத் தொடங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பல வருஷமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர், இப்போதுதான் மேடைக்கு வந்தார். அதை நான் பிடுங்கிவிட்டேன்.

வேற மாதிரி சொல்லியிருக்கலாமோ? எப்படி? எப்படிச் சொல்லியிருந்தாலும் இதானே நடந்திருக்கும்.

ஜூன் 16, செவ்வாய்

கொஞ்ச நாளைக்குச் சபைக்கு வரவேண்டாமாம். அண்ணி வந்து சொன்னார். நடுவில் இருப்பது பதின்மூன்று படி. அதை ஏறிவந்து சொல்ல அண்ணனுக்கு மனசு வரவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

கீழே எல்லோரும் கிளம்பிப் போகும் சத்தம். கேட் சாத்தியதும் முழங்கால் போட்டேன். சத்தமாக ஜெபித்துப் பார்த்தேன். அண்ணன் குரல் மாதிரியே இருந்தது. நிறுத்திவிட்டு, என் வழக்கப்படி மனசுக்குள் பேசினேன். யாரோ கேட்கிற மாதிரி இருந்தது. அதற்கப்புறம் வெகுநேரம் அழுதேன்.

ஜூன் 28, ஞாயிறு

ஞாயிறு டூட்டியை நானே கேட்டு வாங்கினேன். பத்து மணி, சபையில் பாட்டு நடக்கிற நேரம். கதவைத் தள்ளிக்கொண்டு தையல்கார அக்கா வந்தார். தங்கச்சி என்று கூப்பிடவில்லை. டாக்டர் சீட்டை மேசையில் வைத்தார். மூன்று மாதச் சராசரிப் பரிசோதனை.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்கக்கா?"

"காலைல எட்டு மணிக்கு. மாத்திரையும் போட்டாச்சு." சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கட்டத்தில் எழுதினேன். கையை நீட்டினார். பஞ்சால் துடைத்து ஊசியை எடுத்தேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஜெபம் பண்ணிட்டுக் குத்து."

"பண்ணிட்டேன்க்கா."

"எப்ப? சத்தமே வரலையே."

"எப்பவும் இப்படித்தான். உங்களுக்குப் போன தடவையும் பண்ணினேன்."

முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் சபையிலேயே உரத்த குரல் அக்காவுடையது. கொஞ்ச நேரம் உதடுகூட அசையவில்லை.

அப்புறம் கையை நீட்டினார்.