கைடு எதற்கு என்று கேட்டவருக்கு

கணபதி, கோயம்புத்தூர்
13 ஜூலை 2025

மதிப்பிற்குரிய மயில்சாமி அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பிய உறை வெள்ளிக்கிழமை கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். ஆர்.எஸ்.புரத்தில் உங்கள் இல்லத்திலும் அனைவரும் நலமாயிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது.

ஒரே ஊரில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவீர்கள். நம் பள்ளிக் குழுவிலிருந்து நான் வெளியேறியபோதும் பதினோரு பேர் கைகூப்பினீர்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தாளில் வந்ததை மடிக்கும் முன் கடைசி வரி வரை பார்ப்பது உங்கள் எண்ணெய் ஆலையில் பழகிய பழக்கம். அதை நம்பி எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்ட விஷயம். வெள்ளகோவில் பள்ளியில் 1986-இல் பத்தாம் வகுப்பு முடித்தவர்களில் எட்டுப் பேர், மனைவிமாருடன், அக்டோபரில் ஐரோப்பா போகிறீர்கள். ரோமில் ஒரு நாள், அதில் கொலோசியத்துக்கு அரை நாள். அதைச் சுற்றிக் காட்ட மூன்று வகை ஏற்பாடு உண்டு என்று பயண முகவர் கொடுத்த தாளை அனுப்பி, எது நல்லது என்று டிக் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறீர்கள். அதன் அடியில் உங்கள் கையெழுத்தில்: "நீங்க இருவத்தேழு வருசமா ரோமாபுரியப் பாடம் நடத்துனவருங்க. நீங்க கூட வந்தாக் கைடு எதுக்குங்க? அவனுக்குக் குடுக்கறத உங்க டிக்கெட்டுக்குப் போட்டுக்கலாமுங்க. நீங்க வெளக்கிச் சொன்னாப் போதும்."

இதை எழுதும்போது எனக்குப் பெரிய உபகாரம் செய்வதாகவே நினைத்திருப்பீர்கள். உங்கள் குடும்பத்தில் எங்களுக்குச் செய்த உபகாரங்கள் எல்லாமே இந்த வகைதான். கூட்டிக்கொண்டு போவீர்கள்; ஆனால் ஒரு வேலை கொடுத்துத்தான் கூட்டிக்கொண்டு போவீர்கள்.

தாளில் உள்ள மூன்றையும் பார்த்தேன். முதலாவது, அரங்கின் நடுத் தரை. கிளாடியேட்டர்கள் உள்ளே வந்த வாசல் வழியாகவே நுழைந்து, அவர்கள் நின்ற இடத்தில் நீங்கள் நிற்கலாம். உங்கள் குழுவுக்கு இதுதான் பொருத்தம். இரண்டு கையையும் விரித்துப் படம் எடுத்துக்கொள்ள விசாலமான இடம். அங்கே நின்றவர்களில் பலர் திரும்பி நடந்து போகவில்லை என்பது படத்தில் விழாது.

இரண்டாவது, தரைக்கு அடியில் இருக்கும் சுரங்க அறைகள். கூண்டுகளையும் மிருகங்களையும் மேலே ஏற்றுவதற்கு இருட்டில் நின்று கயிற்று உருளைகளைச் சுற்றிய அடிமைகளின் இடம். மேலே திடீரென்று சிங்கம் தோன்றும். கூட்டம் ஆரவாரம் செய்யும். சுற்றியவன் யாரென்று யாருக்கும் தெரியாது. இதை உங்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். படிகள் குறுகல், உங்களோடு வரும் சசிதருக்கு மூச்சு வாங்கும். தவிர, உங்களில் யாருக்கும் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது, மேல் தட்டு. இதைப் பற்றி முகவரின் தாளில் 'அழகிய நகரக் காட்சி' என்று மட்டும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அரங்கில் அனுமதி இலவசம்தான், மயில்சாமி. ஆனால் யார் எந்த வரிசையில் உட்கார்வது என்பதற்குச் சட்டம் இருந்தது. அரங்கை ஒட்டிய பளிங்கு இருக்கைகள் செனட்டர்களுக்கு. கல்லில் அவர்கள் பெயரையே வெட்டி வைத்திருந்தார்கள். அதற்கு மேல் பணக்காரர்கள். அதற்கு மேல் மற்றவர்கள். எல்லோருக்கும் மேலே, ரத்தம்கூடச் சரியாகத் தெரியாத உயரத்தில், மரப்பலகையில், பெண்களும் ஏழைகளும் அடிமைகளும். இருபத்தேழு வருடமாகக் கரும்பலகையில் இந்த வட்டங்களை வரைகிறேன். வரையும்போதெல்லாம் கடைசி வட்டத்துக்கு வந்ததும் என் கை கொஞ்சம் அழுத்தும், சுண்ணக்கட்டி உடையும். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இனி உங்கள் 'கைடு எதுக்குங்க' என்பதற்குப் பதில். இத்தாலியில் உரிமம் இல்லாதவன் ஒரு கூட்டத்தை நிறுத்தி வைத்து விளக்கம் சொல்லக் கூடாது. பிடித்தால் அபராதம். சுரங்கத்துக்கோ வழிகாட்டி இல்லாமல் போகவே முடியாது. ஆக, நீங்கள் எனக்கென்று யோசித்து வைத்த வேலையை நான் ஆசைப்பட்டாலும் செய்ய இயலாது. ரோமாபுரிச் சட்டத்தில் எனக்குச் சாதகமாக ஒன்று கண்டேன் என்றால் அது இதுதான். வரதராஜுலுவிடமும் சொல்லிவிடுங்கள். குழுவில் அவர்தான், "நம்ம படியூர்க் கல்லுத்தான் ரோமுக்கே போச்சாமா, நாமெல்லாம் அந்தக் காலத்துலயே எக்ஸ்போர்ட் பார்ட்டிங்கல்லோ!" என்று எழுதிக் குதூகலித்தவர். படியூரில் தோண்டிய நீலப்பச்சை மணிக்கல் ரோமுக்குப் போனது உண்மை. விற்றவர்கள் உங்கள் முன்னோர்களாக இருக்கலாம், சான்றில்லை. தோண்டியவர்கள் யார் என்பதற்கும் சான்றில்லை. ஆனால் உங்கள் தோட்டத்துக் கிணறு மூன்றையும் தோண்டியது யார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு இரவும் அவர் முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன்.

இப்படியே நிறுத்தியிருந்தால் இது வெறும் பயணக் கடிதமாகப் போயிருக்கும். சென்ற செவ்வாய்க்கிழமை நீங்கள் என் கைபேசிக்கு அழைத்தீர்கள். அதை வீட்டில் மறந்துவிட்டுக் கல்லூரிக்குப் போயிருந்தேன். அப்பா எடுத்தார். அவருக்குக் காது மந்தம் என்பதால் என் மகள் இனியா ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். ஆகவே நீங்கள் பேசியதை அவளும் கேட்டாள். "ஆரு, ராசப்பனா? ஏண்டா, இன்னும் இருக்கறயா நீ! நல்லா இருக்கறயா? புரொபசர் சார் இருக்கறாரா? வந்தாருன்னாக் கூப்புடச் சொல்லு, மறந்துபோடாத" என்றீர்கள். சிரித்துக்கொண்டு, பாசமாகத்தான் சொன்னீர்களாம். இனியா அதையும் மறைக்காமல் சொன்னாள். ஒரே மூச்சில் மகன் 'சார்', அப்பன் 'டா'. எண்பத்து மூன்று வயது அவருக்கு. உங்களுக்கும் எனக்கும் ஐம்பத்தைந்து.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் குரல் கேட்டதும் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார். "தாத்தா, உக்காருங்க, அவரு போன்லதான இருக்கறாரு" என்று இனியா சொல்லியிருக்கிறாள். "சும்மா இரு கண்ணு, அவிய காதுல உளுந்துரும்" என்று அவளை அடக்கியிருக்கிறார். "நல்லா இருக்கறனுங்க சாமி. பையன் வந்ததும் சொல்லிப்போடறனுங்க சாமி" என்று சொல்லி, நீங்கள் வைத்த பிறகும் சற்று நேரம் நின்றபடியே இருந்தாராம். கொங்கு நாட்டுக்காரன் மரியாதையாகப் பேசுவான் என்று ஊர் ஊராகப் பெருமை சொல்கிறோம். அந்த 'ங்க' எங்கள் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்கு நாலு தலைமுறையாகப் போனது. உங்கள் வீட்டிலிருந்து அது திரும்பி வந்தது எனக்கு மட்டும்தான். அதுவும் நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

நீங்கள் மறந்திருக்கக்கூடிய இன்னொரு சுற்றுலா உண்டு. 1986 ஜனவரியில் பள்ளியிலிருந்து வால்பாறைக்குப் போனோம். அரிசியும் பாத்திரமும் உங்கள் அப்பா உபயம். சுமக்கவும் சமைக்கவும் அவர் அனுப்பிய ஆள் என் அப்பா. பேருந்தின் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து வந்தார். நான் நடுவில் ஜன்னலோரம். பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் நீங்கள் வாந்தி எடுத்தீர்கள். "டேய் ராசப்பா! வந்து தொடச்சு உடு!" என்று கத்தினீர்கள். "வாரனுங்க சாமி" என்று அவர் ஓடி வந்தார். தரையைத் துடைத்தார். பிறகு உங்கள் செருப்பையும் தோள் துண்டால் துடைத்தார். பதினைந்து வயதுப் பையனின் செருப்பு.

இதற்காக மட்டும் உங்களை வெறுத்திருந்தால் இத்தனை வருடத்தில் ஆறியிருக்கும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மாற்றலாகிப் புதிதாக வந்தவன். "அந்தாளு உன்ற சாயலாவே இருக்கறாரு. உங்கப்பனாடா?" என்று கேட்டான். "இல்ல, அவிய தோட்டத்து ஆளு" என்றேன். அப்பா இரண்டடி தூரத்தில் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். முன் இருக்கையிலிருந்து நீங்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தீர்கள். அந்தப் பேச்சு காதில் விழுந்தவர்களில் உண்மை தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர், நான், நீங்கள்.

வால்பாறையில் வரிசையாக உட்கார வைத்துச் சோறு போட்டார். என் இலைக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்காமல், "போதுமுங்களா தம்பி?" என்றார். நான் சொன்ன பொய்யை அவர் காப்பாற்றிக் கொடுத்தார், மயில்சாமி. பெற்ற பிள்ளைக்கு 'ங்க' போட்டார். நான் "போதும்" என்றேன். அதற்குப் பிறகு இன்றுவரை அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. பரீட்சை எழுதினேன், பட்டம் வாங்கினேன், ரோமாபுரியின் அடிமை முறை பற்றி முந்நூறு பக்கம் எழுதி முனைவர் ஆனேன். அடிமைகள் குறித்து என்னிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அந்தப் பேருந்தைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை.

நீங்கள் அனுப்பிய தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உங்கள் பதினாறு பேருக்கும் நடுத் தரைக்கு டிக் அடித்திருக்கிறேன். உரிமம் உள்ள, ஆங்கிலம் நன்றாகப் பேசும் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். வரதராஜுலுவின் அம்மணிக்கு வெயில் ஆகாது, முதல் வேளைக்கே பதிவு செய்யுங்கள். அங்கே உள்ளே உட்கார நிழல் கிடையாது. சசிதர் தண்ணீர்ப் பாட்டிலை மறக்காமல் எடுத்துக்கொள்ளட்டும்.

மேல் தட்டுக்கு ஒரே ஒரு டிக் இருக்கும். அது எனக்கு. என் செலவில், அங்கே உள்ள வழிகாட்டியோடு, காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கேட்கப் போகிறேன். "படத்தக் காட்டியே எத்தன வருசம் ஓட்டுவீங்கப்பா, ஒருக்கா நேர்ல பாத்துப்போட்டு வாங்க" என்று இனியா கடிந்துகொண்டேயிருக்கிறாள். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அரங்கில் படம் எடுத்துக்கொண்டிருக்கும் நீங்கள் எப்படித் தெரிவீர்கள் என்று பார்க்கவும் ஆசை.

நுழைவுச் சீட்டில் கடவுச்சீட்டில் உள்ளபடி முழுப் பெயர் இருக்க வேண்டும், வாசலில் சரி பார்ப்பார்கள். என் கடவுச்சீட்டில் பெயர் கௌதமன் ராசப்பன். வெள்ளைக்காரர்கள் கடைசிப் பெயரைத்தான் மரியாதையாகச் சொல்லிக் கூப்பிடுவார்கள். 'மிஸ்டர் ராசப்பன்' என்று உங்கள் காது கேட்கக் கூப்பிடுவார்கள். அக்டோபருக்குள் பழகிக்கொள்வது உங்களுக்கு நல்லது.

ஆனால் அந்தப் பெயரைத் தாளில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். அதன் மேல் மையால் எழுதச் சொல்வதா, அழித்துவிடச் சொல்வதா என்பது வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தெரியும். அந்நேரம் என் கைபேசியை அப்பாவின் நாற்காலி அருகே வைத்துவிடுவேன். நீங்கள் அழைக்க வேண்டும். எனக்காக அல்ல, அவருக்காக. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், கேட்டால் பயந்துவிடுவார். பேரைச் சொல்லிக் கூப்பிடாமல், வயதில் மூத்தவரிடம் பேசுவதுபோல, "நல்லா இருக்கறீங்களா, சாப்பிட்டீங்களா" என்று இரண்டு வார்த்தை. முதலில் எழுந்து நிற்பார். "உக்காந்து பேசுங்க" என்று சொல்லுங்கள். இனியா சொல்லி அவர் உட்காரவில்லை, நான் சொன்னாலும் உட்கார மாட்டார். நீங்கள் சொன்னால்தான் உட்காருவார். இதை எழுத என் கை கூசுகிறது. உங்களிடம் நான் கேட்கும் முதல் உதவி இது, கடைசியும் இதுதான்.

அவர் உட்கார்ந்த பிறகு அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நிற்கிறவரிடம் அதைச் சொல்ல என்னால் முடியவில்லை.

உங்கள் பயணம் நல்லபடி அமையட்டும். வளைவான சாலைகள் அங்கேயும் உண்டு. மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இப்படிக்கு,
ரா. கௌதமன்

பி.கு.: ஸ்பீக்கரில்தான் கேட்பார். சொல்வதைச் சற்று உரக்கச் சொல்லுங்கள். அடுத்த அறையில்தான் இருப்பேன்.